வீட்டில் நெட், கையில் காசு: எந்தக் கணக்கெடுப்பில் தேடுவது?

கள்ளக்குறிச்சிப் பக்கம் நாலு கிராமங்களில் மாலை நேர டியூஷன் மையம் நடத்தும் தம்பி ஒருவர் போன வருஷம் ஒரு வேலை கொடுத்தார். அவருக்கு ஒரு நன்கொடை வருவதாக இருந்தது. பிள்ளைகளுக்கு டேப்லெட் வாங்கித் தருவதா, வீட்டுக்கு வீடு ரீசார்ஜ் போட்டு விடுவதா, மையத்தில் ஒரு வைஃபை வைப்பதா என்பது கேள்வி. கொடுப்பவர் கேட்டது நியாயமானது: "எத்தனை வீட்டில நெட் இல்ல, அந்த வீட்டு வருமானம் எவ்வளவு, கணக்கோட காட்டுங்க." தம்பி எனக்கு போன் போட்டு, "அண்ணே, சென்சஸ்ல இருக்குமே, எடுத்துக் குடுங்க" என்றார்.

சென்சஸில் இல்லை. வேறெங்கே இருக்கிறது என்று தேடிய மூன்று வாரக் கதைதான் இது. இதே கேள்வியோடு அலைகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். எது எதற்கு உதவும், எது கால் வாரும் என்று எழுதி வைத்தால் யாருக்காவது பயன்படும்.

முதலில் சென்சஸையே எடுத்துக்கொள்வோம். நம்மிடம் இருக்கும் கடைசிக் கணக்கு 2011. அதன் வீட்டுப் பட்டியல் வேலை 2010லேயே நடந்தது. வீட்டில் ரேடியோ உண்டா, டிவி உண்டா, கம்ப்யூட்டர் உண்டா, சைக்கிள், ஸ்கூட்டர், கார் உண்டா என்று கேட்டார்கள். இணையம் தனிக் கேள்வியாக வரவில்லை. கம்ப்யூட்டர் என்ற கட்டத்துக்குள்ளேயே 'இணையத்தோடு', 'இணையம் இல்லாமல்' என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். போனில் நெட் பார்ப்பவர் அந்தக் கட்டத்தில் விழவே மாட்டார். நாடு முழுக்க 3.1 சதவீத வீடுகள்தான் 'இணையத்தோடு கம்ப்யூட்டர்' என்று வந்தன. வருமானக் கேள்வி நம் சென்சஸில் கிடையாது. சொத்துகளைப் பார்த்து வசதியை ஊகிக்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் அதிலும் ஒரு சிக்கல்: 2011 கணக்கில் இங்கே 87 சதவீத வீடுகளில் டிவி இருந்தது, இந்திய அளவில் 47. அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவியை வீட்டு வசதியின் அடையாளமாக எடுத்துக்கொண்டால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

ஆனாலும் சென்சஸைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். நான் பார்த்தவற்றில் ஊர் வாரியாக எண் தருவது அது ஒன்றுதான். ஓட்டு வீடு எத்தனை, கான்கிரீட் வீடு எத்தனை, வங்கிக் கணக்கு எத்தனை என்று கிராமத்தின் பெயரோடு கிடைக்கிறது. பழைய படம்தான், ஆனால் நாலு கிராமத்தில் எது வறிய கிராமம் என்ற வரிசை பதினைந்து வருஷத்தில் தலைகீழாகிவிடாது. அடுத்த சென்சஸின் வீட்டுப் பட்டியல் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, தலைக் கணக்கு 2027 என்று திட்டம். அதில் இணைய வசதி தனிக் கேள்வி. பிற்பாடு அது பெரிய புதையலாக இருக்கும். நன்கொடைக்கு மார்ச் கடைசி தேதி என்றால் புதையலுக்குக் காத்திருக்க முடியாது.

இந்த இடத்தில் அமெரிக்காக்காரர்கள் மேல் கொஞ்சம் பொறாமை வரும். அவர்களுடைய சென்சஸ் அலுவலகம் வருஷா வருஷம் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்கு ஒரு நீண்ட படிவம் அனுப்புகிறது. வருமானமும் அதில்தான், இணைய இணைப்பும் அதில்தான், 2013லிருந்து. பத்தாயிரம் டாலருக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் வீடுகளில் எத்தனை வீட்டுக்கு இணைப்பு இல்லை என்று தயார் அட்டவணையே இருக்கிறது. ஒரே படிவம், ஒரே வீடு, இரண்டு கேள்வி. நாம் தேட வேண்டியதும் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய மாதிரியா, புதிய ஆய்வா என்பதெல்லாம் அப்புறம். காசையும் நெட்டையும் ஒரே வீட்டில் உட்கார்ந்து கேட்டார்களா என்பதே முதல் கேள்வி. மாவட்டத் தனிநபர் வருமானத்தை ஒரு இடத்திலிருந்தும் இணைய சதவீதத்தை இன்னொரு இடத்திலிருந்தும் எடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் அழகான வரைபடம் வரும், ஏழை வீட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இந்த அளவுகோலில் முதலில் தேறியது தேசிய மாதிரி ஆய்வின் 75வது சுற்று. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை, 1,13,757 வீடுகள். கல்விச் செலவு பற்றிய ஆய்வு அது. வீட்டில் கம்ப்யூட்டர் உண்டா, இணைய வசதி உண்டா என்று கேட்டார்கள். வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் கம்ப்யூட்டர் இயக்குவாரா, நெட் பயன்படுத்துவாரா என்றும் கேட்டார்கள். வீட்டுச் செலவையும் கேட்டார்கள். வருமானத்துக்குப் பதில் செலவு என்பது நம் நாட்டு வழக்கம், அதற்குக் காரணமும் உண்டு. விவசாயிக்கு அறுவடைக்கு ஒருமுறை பணம் வரும், பெட்டிக்கடைக்காரருக்குக் கடைக் காசும் வீட்டுக் காசும் ஒரே டப்பாவில் கிடக்கும். சம்பாத்தியத்தைக் கேட்டால் முகம் இறுகும், செலவைக் கேட்டால் வாய் திறக்கும். வீட்டு மாதச் செலவை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலா மாதச் செலவு. 15,000 செலவழிக்கும் ஐந்து பேர் வீடு 3,000 என்ற படியில் உட்காரும், அதே பணத்தைச் செலவழிக்கும் இரண்டு பேர் வீடு 7,500ல்.

இந்திய அளவில் அன்று 23.8 சதவீத வீடுகளில் இணையம், 10.7 சதவீத வீடுகளில் கம்ப்யூட்டர். செலவுப் படியில் அடியிலிருந்த ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் இணையம் 8.9 சதவீதம், உச்சிப் பங்கில் 50.5. எண்கள் பழையவை, ஆனால் அந்தச் சரிவைத் தேடித்தான் நான் வந்தேன்.

அதைவிட என்னை நிறுத்தியது தமிழ்நாட்டு வரி. நம் கிராமங்களில் 11.6 சதவீத வீடுகளில் கம்ப்யூட்டர், 14.4 சதவீத வீடுகளில் இணையம். இந்தியக் கிராமங்களில் கம்ப்யூட்டர் 4.4, இணையம் 14.9. அதாவது பெட்டி மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக, நெட் மட்டும் நாட்டுச் சராசரிக்கு அரைப் புள்ளி கீழே. 2011லிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்த இலவச லேப்டாப்பை நினைத்துக்கொண்டால் விஷயம் புரியும். கருவி வந்த வழி வேறு, இணைப்பு வரும் வழி வேறு. டேப்லெட் வாங்கும் யோசனை என் மனதில் ஆட்டம் கண்டது இந்த வரியில்தான்.

ஆனால் இரண்டு சதவீதத்தையும் பக்கத்தில் வைத்ததால் மட்டும் 'லேப்டாப் உண்டு, நெட் இல்லை' என்ற வீடு எத்தனை என்று தெரியாது. அதற்கு வீடு வாரித் தரவு வேண்டும். மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கிறது. கிடைப்பது எக்செல் அட்டவணை என்று நினைத்துவிடாதீர்கள். இடைவெளியே இல்லாமல் எண்களாக ஓடும் உரைக் கோப்பு. எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை எந்தக் கேள்வி என்று ஒரு தனிக் கோப்பைப் பார்த்து நறுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு பெருக்கி இருக்கும், அந்த வீடு எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்பதற்காக. நான் முதல் நாள் அதை அப்படியே கூட்டிவிட்டு, தமிழ்நாட்டில் நூறு கோடிக்கு மேல் வீடு என்று விடை வந்ததும் சிரித்துவிட்டேன். 2011 சென்சஸில் இருந்ததே 1.85 கோடி. கையேட்டைப் படித்தால் விஷயம் இருக்கிறது: பெருக்கியில் தசமப் புள்ளி எழுதப்படவில்லை, சில வரிகளை 100ஆல் வகுக்க வேண்டும், சில வரிகளை 200ஆல். எல்லாவற்றையும் 100ஆல் வகுத்தால் மொத்தம் மட்டுமல்ல, சதவீதமும் நகரும். யார் செய்தாலும் முதல் வேலையாக மொத்த வீடுகளைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அது சரியாக வந்தால்தான் மேலே போகலாம்.

இந்தச் சுற்றின் குறை இரண்டு. செலவைச் சுருக்கமாகத்தான் கேட்டிருக்கிறார்கள், ஆகவே படிகளை ஐந்தாகப் பிரிக்கலாம், ஐம்பதாகப் பிரிக்க முடியாது. மாவட்ட எண் தேறாது, மாநிலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மாவட்டம் வேண்டும் என்றால் எல்லோரும் கைகாட்டுவது தேசிய குடும்ப நல ஆய்வை. ஐந்தாம் சுற்று, 2019–21, நாடு முழுக்க 6,36,699 வீடுகள், 707 மாவட்டங்கள். சராசரியாக மாவட்டத்துக்கு 900 வீடு, நல்ல கனம். வீட்டில் இணையம் உண்டா என்ற கேள்வியும் உண்டு. ஆர்வத்தோடு இறங்கினேன். கள்ளக்குறிச்சியைத் தேடினால் இல்லை. 2017 மார்ச் நிலவரப்படி மாவட்டப் பட்டியலை உறைய வைத்துவிட்டார்கள், அன்று தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம். கள்ளக்குறிச்சி பிரிந்தது 2019ல். நம் நாலு கிராமமும் பழைய விழுப்புரத்துக்குள் கரைந்து கிடந்தன. தென்காசி, ராணிப்பேட்டை, மயிலாடுதுறைக்காரர்களுக்கும் இதே கதிதான்.

அது கூடப் பொறுக்கலாம். அடுத்தது நுணுக்கமான பொறி. இந்த ஆய்வில் வருமானமும் இல்லை, செலவும் இல்லை. பதிலுக்கு ஒரு செல்வக் குறியீடு தருகிறார்கள்: தரை என்ன, கூரை என்ன, மின்விசிறி உண்டா, மெத்தை உண்டா, பிரஷர் குக்கர் உண்டா என்று கேட்டு, எல்லாவற்றையும் சேர்த்து வீடுகளை ஐந்து படியாக அடுக்குவது. அந்தப் பொருட்களுக்குள் செல்போனும் கம்ப்யூட்டரும் அடக்கம். போன் வைத்திருப்பதால் மேல் படிக்கு ஏறிய வீட்டைப் பார்த்து, 'மேல் படியில் நெட் அதிகம்' என்று நாம் கண்டுபிடிப்பது, தானே ஒளித்து வைத்த பொருளைத் தானே தேடி எடுப்பது போல. படிகளுக்கு நடுவே தெரியும் இடைவெளி உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். வழி உண்டு. வீடு வாரித் தரவை எடுத்து, போன், கம்ப்யூட்டர் போன்றவற்றை நீக்கிவிட்டுக் குறியீட்டை நாமே திரும்பக் கட்டலாம். புள்ளியியல் மென்பொருள் பழக்கம் இருந்தால் இரண்டு நாள் வேலை. பழக்கம் இல்லாதவர்கள் அச்சிட்ட ஐந்து படிகளை இந்தக் கேள்விக்கு எடுக்க வேண்டாம் என்பேன்.

காலமும் ஒரு குழப்பம். தமிழ்நாட்டில் இந்த ஆய்வு 2020 ஜனவரியில் தொடங்கி, மார்ச்சில் ஊரடங்கோடு நின்று, டிசம்பரில் திரும்பத் தொடங்கி 2021 மார்ச்சில் முடிந்தது. நடுவில் ஆன்லைன் வகுப்பு வந்து, நகையை அடகு வைத்துப் போன் வாங்கிய வீடுகள் எத்தனையோ. முன்பாதியில் கேட்ட வீட்டையும் பின்பாதியில் கேட்ட வீட்டையும் ஒரே சட்டியில் கிளறினால் வருவது எந்த வருஷத்து எண்?

இவ்வளவு திட்டினாலும் அந்த ஆய்வில் ஒரு பொன்னான கேள்வி இருக்கிறது. வீட்டை விட்டுவிட்டு ஆளைக் கேட்டிருக்கிறார்கள்: நீங்கள் எப்போதாவது நெட் பயன்படுத்தியதுண்டா? இந்திய அளவில் ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3. 'வீட்டில் நெட் உண்டு' என்று டிக் அடித்த கட்டத்துக்குள் யார் கையில் நெட் என்பது இன்னொரு கணக்கு. இதைப் படித்த பிறகுதான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு வருகிறேன்.

புதிய எண் வேண்டும் என்பவர்களுக்கு 2025 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த தொலைத்தொடர்பு ஆய்வு. 86.3 சதவீத வீடுகளில் இணையம். 23.8லிருந்து 86.3. இரண்டையும் கோடு போட்டு இணைக்குமுன் இரண்டின் விளக்கவுரைகளையும் எடுத்து, 'இணைய வசதி' என்பதற்கு என்ன பொருள் சொல்லியிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். 2025 மாதிரி 34,950 வீடுகள். மாவட்டத்துக்குப் பங்கு போட்டால் சராசரி ஐம்பது வீடுகூட வராது. ஐம்பது வீட்டை வைத்துச் சொல்லும் சதவீதம் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து ஆடும். ஆக, இது இன்றைய மட்டம் என்ன என்று சொல்ல மட்டும். அதற்கு இதைவிட நல்லது இல்லை.

பணப் பக்கம் துல்லியமாக வேண்டும் என்றால் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு. 2023–24ல் 2,61,953 வீடுகள். மூன்று தனித்தனிப் படிவம், மாதம் ஒருமுறை என மூன்று தடவை ஒரே வீட்டுக்குப் போய்க் கேட்கிறார்கள். கிராமத்தில் தலா மாதச் செலவு 4,122 ரூபாய், நகரத்தில் 6,996. எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மரியாதை உண்டு. அரசு இலவசமாகக் கொடுத்த பொருளின் மதிப்பையும் சேர்த்து இன்னொரு கணக்கு போடுகிறார்கள், லேப்டாப், டேப்லெட், செல்போன் உட்பட. அப்படிச் சேர்த்தால் கிராமம் 4,247, நகரம் 7,078. நம் ஊருக்கு இது அவசியமான திருத்தம். நெட் பக்கம் வந்தால் இடறும். முன்னூறு சொச்சம் ரூபாய் ரீசார்ஜில் பேச்சும் டேட்டாவும் ஒன்றாகத்தானே வருகிறது, எவ்வளவு நெட்டுக்கு என்று யார் பிரிப்பது? அண்ணன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் வாங்கும் பக்கத்து வீட்டுக் கணக்கில் செலவு சுழியம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வெளியிடும் இணையச் சந்தாதாரர் எண்ணிக்கை 2024 முடிவில் 97 கோடி. அது இணைப்புகளின் எண்ணிக்கை, வீடுகளுடையதல்ல. ஒரே ஆளிடம் இரண்டு சிம் இருந்தால் இரண்டு. வருமானம் கிடையாது, தமிழ்நாடு என்று போட்டிருந்தாலும் அது புதுச்சேரியையும் சேர்த்த தொலைபேசி வட்டம். செய்தித் தலைப்புக்கு நல்லது, நமக்கு ஆகாது. சிஎம்ஐஇ என்ற தனியார் நிறுவனம் சுமார் 1.7 லட்சம் வீடுகளுக்கு வருஷம் மூன்று முறை போய் வருமானத்தையே கேட்கிறது. ஆனால் காசு கட்ட வேண்டும். போதாக்குறைக்கு, பரம ஏழை வீடுகள் அதன் மாதிரியில் குறைவாக விழுகின்றன என்று பொருளாதார அறிஞர் ஜான் த்ரேஸும் அன்மோல் சோமாஞ்சியும் 2021ல் எழுதினார்கள். ஏழை வீட்டைத் தேடிப் போகிறவருக்கு அது பெரிய குறை. அரசே வருமானத்தைக் கேட்கும் ஆய்வு ஒன்று 2026 பிப்ரவரியில் தொடங்கும் என அறிவித்தார்கள். 1950களிலிருந்து சோதித்துச் சோதித்துக் கைவிட்ட முயற்சி அது. இந்த முறையாவது மக்கள் வாய் திறக்கிறார்களா பார்ப்போம்.

கடைசியில் நான் தம்பிக்கு எடுத்துக் கொடுத்தது இப்படி. ஏழை வீட்டுக்கும் வசதியான வீட்டுக்கும் உள்ள சரிவைக் காட்ட 75வது சுற்று. இன்று பொதுவாக நெட் எங்கே நிற்கிறது என்று சொல்ல 2025 ஆய்வு. நாலு கிராமத்தில் எதில் முதலில் தொடங்குவது என்பதற்கு 2011 சென்சஸின் கூரையும் சுவரும். குடும்ப நல ஆய்வின் மாவட்ட எண்ணை வேண்டாம் என்று விட்டேன். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு முழு நிம்மதி இல்லை. பழைய விழுப்புரம் என்று அடிக்குறிப்பு போட்டுச் சேர்த்திருக்கலாம் என்று நினைப்பதுண்டு. ஆனால் நன்கொடையாளர்கள் அடிக்குறிப்பு படிப்பதில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை தம்பியோடு வீடு வீடாகப் போனோம். கையில் மூன்றே கேள்வி. முதல் வீட்டில் ஒரு அம்மா வாசலில் மணிலாக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். "வீட்டுல நெட் இருக்காக்கா?" என்று தம்பி கேட்டார். "ஓ, இருக்கே" என்றார். கணக்கெடுப்பாளர் இதோடு டிக் அடித்துவிட்டு எழுந்திருப்பார். இரண்டாவது கேள்வி: "போன் இப்ப எங்க இருக்கு?" "அவரு எடுத்துட்டுப் போயிருக்காரு. செங்கல் சூளைக்கு. ராத்திரி எட்டு ஆவும் வர்றதுக்கு." மூன்றாவது: "பாப்பா அதுல படிக்குதா?" அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார், "எட்டு மணிக்கு அவரு வந்தா, அவரு பாக்க வேணாமா? பத்து நிமிசம் குடுப்பாரு." சுவரோரம் மூத்த பெண்ணின் லேப்டாப் துணிப்பையில் தொங்கியது. பேட்டரி போய்விட்டது, சார்ஜரைச் செருகி வைத்தால் ஓடுமாம். நெட்தான் இல்லை, போன் வந்தால்தானே ஹாட்ஸ்பாட்.

அடுத்தடுத்த தெருக்களிலும் பையில் தொங்கும் லேப்டாப்களைப் பார்த்தோம். உரைக் கோப்பில் நான் நறுக்கி எடுத்த அதே வீடுகள்.

டேப்லெட் யோசனையைத் தம்பியே அடித்துவிட்டார். ரீசார்ஜ் போட்டாலும் அது சூளைக்குத்தான் போகும் என்பதால் அதுவும் போயிற்று. மையத்தில் வைஃபை, ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு பிளக், பேட்டரி செத்த லேப்டாப்பைப் பிள்ளைகளே தூக்கிக்கொண்டு வரலாம் என்று எழுதி அனுப்பினோம். நன்கொடையாளர் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். ஏழு மணிக்கு மையத்தை மூடுவதாக எழுதியிருந்தோம், அதை ஒன்பது ஆக்கச் சொன்னார்.